சாண எரிவாயு முதல் மெழுகுவத்தி வரை: நம்ம வீட்டில் ஒரு பெரிய குடும்பம்



இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிப்போம். சாண எரிவாயு, கேஸ் சிலிண்டர், வண்டிக்குப் போடும் பெட்ரோல், ஸ்டவ்வுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய், குதிகால் வெடிப்புக்குத் தடவும் வாசலின், கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவத்தி. இந்த ஆறுக்கும் என்ன உறவு?

"எல்லாமே எரியும்" என்று சொல்வீர்கள். சரிதான். ஆனால் அதுக்கும் மேலே ஒரு உறவு இருக்கு. இந்த ஆறும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். அந்தக் குடும்பத்துக்குப் பேர் அல்கேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்பைத் தாண்டிய உங்க பிள்ளைகளைக் கேட்டால் இந்தப் பேரைச் சொல்வார்கள்.

இதை எதுக்கு நாம படிக்கணும்? மூணு கேள்வி கேட்கிறோம். கேஸ் கசிந்தால் மேலே இருக்கிற ஜன்னலை மட்டும் திறந்தால் போதுமா? குழந்தை மண்ணெண்ணெயைக் குடிச்சிட்டா உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா? மெழுகு காய்ச்சும்போது தீப்பிடிச்சா தண்ணி ஊற்றலாமா? இந்த மூணுக்கும் பதில் "கூடாது" என்பதுதான். ஏன் கூடாது என்று தெரிஞ்சுக்கிட்டா அவசரத்தில் கை தானாகச் சரியானதைச் செய்யும். அந்த "ஏன்" இந்தக் குடும்பத்தோட குணத்தில் இருக்கு.

நாலு கையும் ஒரு கையும்

உலகத்தில் எந்தப் பொருளை எடுத்தாலும் அது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அணுக்களால் ஆனது. அல்கேன் குடும்பத்தில் இரண்டே வகை அணுதான். ஒன்று கார்பன், அதாவது கரி. மற்றது ஹைட்ரஜன், அதாவது தண்ணீரில் இருக்கிற ஒரு வாயு. இப்படி ஹைட்ரஜனும் கார்பனும் மட்டும் சேர்ந்த பொருளுக்கு ஹைட்ரோகார்பன் என்று பேர்.

இந்தப் பேர் நமக்குப் புதுசு இல்லை. 2017-ல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் பெண்கள் உட்பட ஊரே திரண்டு உட்கார்ந்து போராடியது "ஹைட்ரோகார்பன் திட்டம்" வேண்டாம் என்றுதான். அதுக்கு முன்னாலேயே தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் "மீத்தேன் திட்டம்" என்ற பேர் எல்லார் வாயிலும் இருந்தது. மீத்தேன் இந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

கும்மியடிக்க நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பனுக்கு நாலு கை. ஹைட்ரஜனுக்கு ஒரே கை. எந்தக் கையும் சும்மா இருக்கக் கூடாது, இன்னொரு கையைப் பிடிக்கணும். இதுதான் சட்டம்.

ஒரே ஒரு கார்பன் நின்றால் அதோட நாலு கையையும் நாலு ஹைட்ரஜன் பிடிச்சுக்கும். இதுதான் மீத்தேன்.

இரண்டு கார்பன் கை கோர்த்தால் ஆளுக்கு மூணு கை மீதி. ஆக ஆறு ஹைட்ரஜன் வரும். இது ஈத்தேன்.

மூணு கார்பன் வரிசையாக நின்றால்? ஓரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கும் மூணு மூணு கை மீதி. நடுவில் இருப்பவருக்கு இரண்டு கை மீதி. மொத்தம் எட்டு ஹைட்ரஜன். இது புரோப்பேன். நாலு கார்பன் என்றால் பத்து ஹைட்ரஜன். இது பியூட்டேன்.

கணக்கு பிடிபட்டுதா? கார்பன் எத்தனையோ அதை இரண்டால் பெருக்கி, கூட இரண்டு சேர்த்தால் ஹைட்ரஜன் எண்ணிக்கை வந்துடும். கூட்டத்தில் எட்டு கார்பனுக்கு எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். பதினெட்டு என்று முதலில் சொல்கிறவருக்குக் கை தட்டுங்கள். அந்த எட்டு கார்பன் ஆளுக்குப் பேர் ஆக்டேன். பெட்ரோலில் இருக்கிறவர்.

சரம் நீண்டால் குணம் மாறும்

இந்தக் கார்பன் வரிசையைப் பூச்சரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். உதிரிப்பூ லேசாக ஊதினாலே பறந்துடும். முழம் பூ கொஞ்சம் கனக்கும். பத்து முழச் சரத்தைக் கூடையில் போட்டால் ஒன்றோடு ஒன்று சிக்கிக் கொத்தாகக் கிடக்கும். அல்கேனும் அப்படித்தான்.

கார்பன் 1 முதல் 4 வரை: நம்ம ஊர்ச் சூட்டில் இவை வாயு. மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன்.

கார்பன் 5 முதல் சுமார் 16 வரை: திரவம். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் இதில் வரும். டீசலில் இதைவிடக் கொஞ்சம் நீளமானதும் கலந்திருக்கும்.

அதற்கு மேலே போகப் போக: வாசலின் மாதிரி கொழகொழப்பு, அப்புறம் மெழுகு மாதிரி கட்டி. மெழுகுவத்தி மெழுகில் பெரும்பாலும் 20 முதல் 40 கார்பன் வரை கோர்த்த சரங்கள் இருக்கும்.

கொதிக்கும் சூட்டைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ஆறு கார்பன் கொண்ட ஹெக்சேன் 69 டிகிரியிலேயே கொதிச்சுடும். எட்டு கார்பன் ஆக்டேனுக்கு சுமார் 126 டிகிரி வேணும். புரோப்பேனோ சைபருக்கும் கீழே 42 டிகிரியிலேயே கொதிச்சு வாயுவாகிடும். மீத்தேனுக்கு அது சைபருக்குக் கீழே சுமார் 162 டிகிரி. அதனால்தான் மீத்தேன் எப்பவும் வாயுவாகவே இருக்கு.

ஒரு விஷயம். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் தனி ஒரே பொருள் இல்லை. பல நீளச் சரங்கள் கலந்த கலவை. அல்கேனோடு வேறு வகை ஹைட்ரோகார்பன்களும் அதில் சேர்ந்திருக்கும்.

எங்கிருந்து வருது?

இரண்டு வழி. ஒன்று நம்ம கண் முன்னாலேயே நடக்குது. சாணம், குப்பை, சேறு இவை காற்றுப் படாமல் மக்கும்போது நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். சாண எரிவாயுக் கலனில் நடப்பது இதுதான். மாடு அசைபோடும்போது விடும் ஏப்பத்திலும், தண்ணீர் நிற்கும் நெல் வயலிலும் மீத்தேன் உண்டு.

இன்னொன்று பூமிக்கு அடியில். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடலில் வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் செத்து, சேற்றில் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் கச்சா எண்ணெயாகவும் இயற்கை எரிவாயுவாகவும் மாறியது. இந்தியாவில் அசாம் மாநிலம் திக்பாயில் 1889-லேயே எண்ணெய் கிடைத்தது. நம்ம பக்கம் காவிரிப் படுகையில் நாகப்பட்டினம் மாவட்டம் நரிமணத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள். 2020-ல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. அதன்படி அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கத் தடை. நிலமும் தண்ணீரும் யாருக்கு, எதுக்கு என்ற கேள்வி இந்தக் குடும்பத்தோடு சேர்ந்தே வருது என்பதையும் நாம மறக்கக் கூடாது.

கச்சா எண்ணெய் கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். அதைச் சுத்திகரிப்பு ஆலையில் சுமார் 350 டிகிரி வரை சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். சென்னை மணலியில் 1969 முதல் இப்படி ஒரு ஆலை ஓடுது. இட்லிப் பானையில் தட்டு மேல் தட்டு அடுக்குகிற மாதிரி அந்தக் கோபுரத்துக்குள்ளே தட்டுகள் இருக்கும். சின்னச் சரங்கள் ஆவியாக உச்சி வரை போகும். நீளச் சரங்கள் சீக்கிரம் குளிர்ந்து கீழ்த் தட்டிலேயே தங்கிடும். உச்சியில் சமையல் கேஸ், அதற்குக் கீழே பெட்ரோல், அப்புறம் மண்ணெண்ணெய், அப்புறம் டீசல். அடியில் மிஞ்சும் கனமான எண்ணெயிலிருந்து வாசலினும் மெழுகும் பிரிக்கிறார்கள். கடைசியில் தார். நம்ம ஊர் ரோட்டில் போடும் தார் அதுதான்.

குடும்பக் குணம் நாலு

முதல் குணம்: தண்ணீரோடு சேராது. தண்ணீரை விட லேசு, அதனால் மேலே மிதக்கும். எரிகிற மண்ணெண்ணெய் மேலேயோ மெழுகு மேலேயோ தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் அடிக்குப் போய்விடும். தீ மேலேயே இருக்கும். சூடான மெழுகுக்கு அடியில் போன தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி எரியும் மெழுகைத் தூக்கி வீசும். கூரை வரைக்கும் தீ போகும்.

இரண்டாவது குணம்: நல்லா எரியும், நிறையச் சூடு தரும். எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகும். ஹைட்ரஜன் தண்ணீர் ஆவியாகும். குளிர்ந்த பாத்திரத்தைக் கேஸ் அடுப்பில் வைத்த உடனே அதோட அடிப்பக்கம் வியர்த்த மாதிரி ஈரமாகுதே, கவனிச்சிருக்கீங்களா? பாத்திரம் ஓட்டை இல்லை. அது கேஸ் எரிந்து உண்டான தண்ணீர்.

மூணாவது குணம்: காற்று போதவில்லை என்றால் அரைகுறையாக எரியும். நீலத் தீ மஞ்சளாகும், பாத்திர அடியில் கரி பிடிக்கும். அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். இதுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பூட்டிய அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையோ ஜெனரேட்டரையோ வைத்துத் தூங்கினால் தூக்கத்திலேயே உயிர் போகும். மஞ்சள் தீ வந்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்க. கேஸும் மிச்சம்.

நாலாவது குணம்: எரிவதைத் தவிர மற்ற விஷயத்தில் சோம்பேறி. புளி, எலுமிச்சை, சோடா எதோடும் சுலபமாகச் சேராது. இதனால்தான் பழைய வேதியியல்காரர்கள் இதுக்கு "பாரஃபின்" என்று பேர் வச்சாங்க. லத்தீன் மொழியில் ஒட்டுறவு குறைந்தது என்று அர்த்தம். தேங்காயெண்ணெய் நாளானால் சிக்கு வாடை அடிக்கும், வாசலின் அடிக்காது. காரணம் இந்தக் குணம்தான்.

இனி ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

1. மீத்தேன்: லேசானவர், மேலே போவார்

சாண எரிவாயுவில் 55 முதல் 65 சதவீதம் வரை மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. மீத்தேன் காற்றில் ஏறக்குறைய பாதி எடைதான். கசிந்தால் மேலே எழும்பிப் போகும். அதனால் சாண எரிவாயு அடுப்பு இருக்கிற சமையலறையில் மேல் பக்கம் காற்றுப் போக வழி கட்டாயம் வேணும். நகரத்தில் குழாய் வழியா வரும் எரிவாயுவும் மீத்தேன்தான். அதுக்கும் இதே விதி.

கணக்குப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் எரிவாயுவுக்கு சுமார் 25 கிலோ பச்சைச் சாணம் வேணும். ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ போடும் என்று வைத்தால், 2 கன மீட்டர் கலனுக்கு ஐந்து மாடு. ஒரு கன மீட்டர் எரிவாயு சுமார் 400 முதல் 450 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். கலன் முழு அளவில் வேலை செய்தால் பதினாறு, பதினேழு நாளில் ஒரு சிலிண்டருக்குச் சமமான கேஸ் கிடைக்கும். மிஞ்சும் சாணக் கரைசல் நல்ல எரு. மாட்டுக் கடன் வாங்கிய உறுப்பினர்கள் இரண்டு மூணு பேர் அக்கம்பக்கமாக இருந்தால் யோசிக்கலாம். மானியம் உண்டா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

எச்சரிக்கை: கேஸ் வருதா என்று கலனுக்குப் பக்கத்தில் தீக்குச்சி கிழித்துப் பார்க்கக் கூடாது. அடுப்பில் மட்டும்தான் பற்ற வைக்கணும். கலன் குழி, கழிவறைத் தொட்டி, பாழுங்கிணறு எதிலும் யாரையும் இறங்க விடாதீர்கள். உள்ளே மீத்தேனும் வேறு விஷ வாயுக்களும் இருக்கும், மூச்சு விடக் காற்று இருக்காது. ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். இறங்காமல் 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள்.

2. புரோப்பேன், பியூட்டேன்: கனமானவர்கள், தரையில் படுப்பார்கள்

நம்ம சிவப்புச் சிலிண்டரில் இருப்பது இந்த இரண்டும் கலந்தது. இயல்பாக வாயுவான இவற்றை அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். அதனால்தான் சிலிண்டரை ஆட்டினால் தண்ணீர் மாதிரி ஆடுது. வெளியே வந்தால் அந்தத் திரவம் சுமார் 250 மடங்கு பெருகி வாயுவாகும்.

முக்கியமான விஷயம்: இந்த வாயு காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் பிரயோஜனம் இல்லை. வாசல் கதவைத் திறந்தால்தான் வெளியேறும். அதனால்தான் சிலிண்டரைப் பள்ளமான இடத்தில், நிலவறையில் வைக்கக் கூடாது என்கிறார்கள். அடுப்பு எப்பவும் சிலிண்டருக்கு மேலே, மேடையில் இருக்கணும்.

இந்த வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிவு தெரியட்டும் என்று மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளை வேணும்னே சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் செய்ய வேண்டியவை:

அ) சுவிட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும்.
ஆ) சாமி விளக்கு, ஊதுவத்தி, அடுப்பு எல்லாத் தீயையும் அணைக்கவும்.
இ) ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போடவும்.
ஈ) கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கவும்.
உ) குழந்தைகளோடு வெளியே வந்து, வெளியில் நின்று போன் செய்யவும். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906.

கசிவு எங்கே என்று பார்க்க சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் அங்கேதான். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

கேஸ் தீரப் போகுது என்று சிலிண்டரைப் படுக்க வைப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும் சில வீடுகளில் வழக்கம். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாயில் வரும், தீ குபீரென்று எழும். சூடாக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். இரண்டும் கூடாது.

சிலிண்டர் வாங்கும்போது மூணு பாருங்கள். ஒன்று, எடை. சிலிண்டரில் எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்ந்து வரணும். எடை போட்டுக் காட்டச் சொல்வது நம்ம உரிமை. இரண்டு, சீல். மூணு, சோதனைத் தேதி. மேல் வளையத்துக்குக் கீழே இருக்கும் தகட்டில் ஆங்கில எழுத்து ஒன்றும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். "பி 27" என்றிருந்தால் 2027 ஜூன் வரைதான் அந்தச் சிலிண்டருக்குக் கெடு. கெடு தாண்டியதை வாங்காதீர்கள். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

3. பெட்ரோல்: நடந்து போய்த் தீயைப் பிடிக்கும்

பெட்ரோல் குளிர்ந்த இடத்திலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவியும் காற்றை விடக் கனம். தரையோடு ஊர்ந்து போய் தூரத்தில் எரியும் அடுப்பிலிருந்து தீயை இழுத்து வரும். நம்ம உறுப்பினர்கள் பலர் பெட்டிக்கடை வைத்திருக்கிறீர்கள். பாட்டிலில் பெட்ரோல் விற்றால் பத்து ரூபாய் கிடைக்கும் என்று தோணும். விற்க உரிமம் வேணும். அதோடு டீ அடுப்பும் பீடிக்காரர்களும் இருக்கும் கடையில் அது வெடிமருந்து வைத்த மாதிரி. குழுக்கடன் வாங்கிப் போட்ட கடை ஒரு பாட்டிலில் போக வேண்டாம்.

4. மண்ணெண்ணெய்: மூச்சுக்குழாய்க்குள் ஓடும்

மண்ணெண்ணெய் பெட்ரோல் மாதிரி சட்டென்று ஆவியாகாது. அதனால் திரி போட்டு எரிக்க முடியுது. ஆனால் அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்துவிட்டால் ஸ்டவ் வெடிக்கும். பெட்ரோல் இருந்த கேனில் மண்ணெண்ணெய் வாங்காதீர்கள். எரிகிற ஸ்டவ்வில், விளக்கில் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறிய பிறகுதான் ஊற்றணும்.

இப்போ ரேஷனில் முன்னே மாதிரி கிடைக்காவிட்டாலும், கொஞ்சம் மண்ணெண்ணெய் பல வீட்டு மூலையில் இருக்கு. அதுவும் தண்ணீர் பாட்டிலில், கலர் குடித்த பாட்டிலில். தவழும் குழந்தைக்கு, தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரலை விடாதீர்கள். உப்புக் கரைசல், சோப்புத் தண்ணி, பால் எதுவும் வற்புறுத்திக் கொடுக்காதீர்கள். ஏன் தெரியுமா? மண்ணெண்ணெய் தண்ணீரை விட மேலே மிதக்கும், மெல்லிசாக ஓடும். வாந்தி வரும்போது அது மூச்சுக்குழாயில் புகுந்து நுரையீரலில் பரவிடும். உயிருக்கு ஆபத்து வயிற்றில் இருக்கும் மண்ணெண்ணெயை விட நுரையீரலுக்குள் போன மண்ணெண்ணெயால்தான் அதிகம். நனைந்த துணியைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். குடித்த பாட்டிலையும் எடுத்துப் போங்கள். குழந்தை நல்லாத்தான் விளையாடுது என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். இருமலும் மூச்சுத் திணறலும் சில மணி நேரம் கழித்தும் வரும்.

5. வாசலின்: பூட்டுப் போடும்

அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றுக் கம்பிகளில் ஒட்டிய பிசினை அங்கே வேலை செய்தவர்கள் காயத்துக்குத் தடவுவதைப் பார்த்து, ராபர்ட் செஸ்ப்ரோ என்பவர் அதைச் சுத்தம் செய்து வாசலின் என்று பேர் வைத்தார். 1872-ல் காப்புரிமை வாங்கினார். வாசலின் தோலுக்கு ஈரம் தராது. இருக்கிற ஈரத்தை வெளியே போகாமல் பூட்டும். அதனால் காலைக் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே தடவினால் வெடிப்பு ஆறும். காய்ந்த காலில் தடவிப் பிரயோஜனம் குறைவு. புதுசாக நெருப்புச் சுட்ட இடத்தில் வாசலின் வேண்டாம். உள்ளே இருக்கும் சூட்டையும் சேர்த்துப் பூட்டிடும். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுவதுதான் முதல் வைத்தியம்.

வலித் தைலம், தோல் கிரீம் தயாரித்து விற்க நினைக்கும் குழுக்கள் கவனிக்க: இவற்றைத் தயாரித்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேணும். முதலீடு போடும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

6. மெழுகு: நம்ம தொழில்

குறைந்த முதலீட்டில் ஆரம்பிக்கலாம் என்று பல குழுக்கள் மெழுகுவத்தி பயிற்சி எடுத்திருக்கீங்க. மெழுகு சுமார் 60 டிகிரியில் உருகிடும், தண்ணீர் கொதிக்கும் சூடு கூட வேண்டாம். அதனால் மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காமல், தண்ணீர் கொதிக்கும் பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே மெழுகும் தாண்டாது. நேர் தீயில் வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் எப்பவும் பாத்திரத்துக்குச் சரியான மூடி வைத்திருங்கள். பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். காற்று இல்லாமல் தீ தானாக அணையும். தண்ணீர் கூடாது, ஏன் என்று மேலேயே பார்த்துவிட்டோம்.

மெழுகு ஆறும்போது சுருங்கும். நடுவில் குழி விழும். அதனால் கொஞ்சம் மெழுகை மீதி வைத்து இரண்டாம் தடவை ஊற்றணும். திரி ரொம்ப மெல்லிசாக இருந்தால் உருகிய மெழுகில் மூழ்கி அணையும். ரொம்பத் தடியாக இருந்தால் புகையும். 50 கிராம் மெழுகுவத்தி என்றால் ஒரு கிலோவுக்கு 20 வரணும். சேதாரம் போக 18 அல்லது 19 தேறும். விலை வைக்கும்போது அந்தச் சேதாரத்தையும், எரிபொருளையும், உங்க கூலியையும் சேர்க்காமல் விடாதீர்கள்.

கூட்டத்தில் செய்து பார்க்க ஒரு சோதனை: மெழுகுவத்தியைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளைப் புகை எழும்பும். எரியும் தீக்குச்சியை அந்தப் புகையில் காட்டுங்கள். திரியைத் தொடாமலேயே தீ புகை வழியா இறங்கி வந்து பற்றிக்கொள்ளும். அந்தப் புகைதான் மெழுகின் ஆவி. எரிவது கட்டி மெழுகு இல்லை, அதோட ஆவி. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் இப்படித்தான் எரியுது. லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி பிள்ளைகளுக்கு மெழுகுவத்தியை வைத்தே பாடம் எடுத்தார். அது 1861-ல் புத்தகமாகவும் வந்தது.

ஆலைகளில் இவர்கள்

ஹெக்சேன் தவிட்டெண்ணெய் ஆலையில் வேலை செய்யுது. அரிசி ஆலைத் தவிட்டில் இருக்கும் எண்ணெயை அது கரைத்து எடுக்கும். அப்புறம் சூடாக்கி ஹெக்சேனைப் பிரித்துவிட்டு எண்ணெயைச் சுத்திகரிப்பார்கள். புது ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் குளிரூட்ட இருப்பது ஐசோபியூட்டேன், பியூட்டேனின் உடன்பிறப்பு. சிகரெட் லைட்டரில் பியூட்டேன். வாசனை ஸ்பிரேயைத் தள்ளுவதும் பெரும்பாலும் இந்த வாயுக்கள்தான், அதனால் அடுப்பு பக்கத்தில் அடிக்கக் கூடாது.

ஈத்தேனிலிருந்து எத்திலீன் எடுத்து, ஆயிரக்கணக்கில் கோர்த்தால் பாலித்தீன். அதுவும் மிக மிக நீளமான ஒரு அல்கேன் சரம்தான். எதோடும் ஒட்டாத அதே சோம்பேறிக் குணத்தால் மண்ணில் மக்காமல் கிடக்குது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததும், துணிப்பை தைக்கும் குழுக்களுக்கு வழி பிறந்ததும் இதனால்தான்.

குழுக் கூட்டத்தில் பேச

1. சாண எரிவாயு கசிந்தால் எங்கே போகும்? சிலிண்டர் கேஸ் கசிந்தால் எங்கே போகும்? நம்ம சமையலறையில் இரண்டுக்கும் வழி இருக்கா?
2. மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை ஏன் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது? ஒருவர் சொல்ல, மற்றவர்கள் திருத்துங்கள்.
3. பத்து கார்பன் இருந்தால் எத்தனை ஹைட்ரஜன்?

இந்த மாத வேலை

ஒவ்வொரு உறுப்பினரும் இன்றைக்கே வீட்டுக்குப் போய் மூணு செய்யணும். சிலிண்டரின் தேதியையும் குழாயையும் பார்க்கணும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இருக்கும் குடிநீர் பாட்டிலைக் காலி செய்து, பூட்டு மூடி போட்ட கேனில் மாற்றிப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கணும். 1906, 101, 108 மூணு எண்ணையும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் காணும்படி பெரிய எழுத்தில் சமையலறைச் சுவரில் எழுதணும்.

அடுத்த கூட்டத்தில் எத்தனை வீட்டில் முடிந்தது என்று ஊக்குநர் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யவும். விட்டுப்போன வீட்டுக்குப் பக்கத்து வீட்டு உறுப்பினர் கூடப் போய் முடித்துக் கொடுக்கவும்.